வியாழன் மாலை ஆறரை மணி

கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு நாலு மாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் எம்.டி. அறைக்கு வெளியே பி.ஏ. அம்மாவின் மேசை. அதற்கு எதிரே, பழைய ஃபைல்களை ஓரம் தள்ளிவிட்டு எனக்கும் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். எந்தக் கணினியில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று சரிபார்க்கும் தணிக்கை வேலை எனக்கு. நாள் முழுக்கப் பட்டியல் படிப்பது. கண்ணுக்கு மட்டும்தான் வேலை. காது சும்மா இருக்கும்.

அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக் கண்ணாடி, கஞ்சி போட்ட காட்டன் புடவை. எதிரே அவுட்லுக் திறந்த திரை. அதற்குக் கீழே, ஏதோ ஒரு வங்கி வருடப் பிறப்புக்குக் கொடுத்த டைரி. டைரியில் எழுதுவதெல்லாம் பென்சிலில். அழித்து எழுதிய இடங்களில் தாள் மெலிந்து, ரப்பர் தூள் மடிப்பில் ஒட்டியிருக்கும். எம்.டி.யின் காலண்டரும் அவர் திரையில் விரிந்திருக்கும். எம்.டி.க்கு வரும் அழைப்புகளை ஏற்பது, தள்ளிவைப்பது, மறுப்பது எல்லாம் இந்த அம்மாவின் பொறுப்பு. அவுட்லுக்கில் இப்படிப் பொறுப்பு வாங்கியவரை டெலிகேட் என்பார்கள்.

ஒருநாள் காலை பத்தரை மணிக்கு ஐ.டி. பிரிவிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். அவர் வருவதற்கு முன் ஃபோனில் அம்மா சொன்னது எனக்குக் கேட்டிருந்தது. "ரிமோட்டெல்லாம் வேணாம் தம்பி, நேர்ல வாங்க. நேத்து ஒருத்தர் ரிமோட்ல வந்து என்னென்னமோ பண்ணிட்டு, சரியாயிடுச்சும்மான்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஒண்ணும் சரியாகல."

வந்தவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மவுஸைத் தொடவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தது அதனால்தான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நின்றபடியே குனிந்து, உட்கார்ந்திருப்பவரின் கையிலிருந்து மவுஸை வாங்கிவிடுவார்கள். இவர் கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"முதல்ல என்ன ஆச்சுன்னு சொல்லுங்கக்கா."

அம்மா சொன்னார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் நியூஜெர்ஸி கிளையன்ட்டோடு எம்.டி.க்கு ஒரு கால். அவர்கள் அனுப்பிய அழைப்பு, வாராவாரம் திரும்ப வருவது. போன வியாழன் அம்மா விடுப்பு. அவர் இடத்தில் உட்கார்ந்த பெண் எம்.டி.யின் காலண்டரைப் பார்த்தாள். சாயங்காலம் காலியாக இருந்தது. வங்கிக்காரர்களை வரச் சொல்லிவிட்டாள். அங்கே கிளையன்ட் அரை மணி நேரம் லைனில் காத்திருந்திருக்கிறார்கள்.

"சார் காலண்டர்ல அந்த மீட்டிங்கே இல்ல தம்பி. ஒரு வாரம் இல்ல, எல்லா வாரமும் காணோம்." குரல் கொஞ்சம் இறங்கியது. "நான்தான் லீவுல போற அவசரத்துல அழிச்சிட்டேன்னு சார் நினைக்கிறாரு. இல்லேன்னா அமெரிக்காவுல மணி மாறினதை நான் கவனிக்கலையாம்."

மணி மாறிய விஷயம் நியாயமான சந்தேகம்தான். மார்ச் மாதம் அது. அமெரிக்காவில் 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னால் இழுக்கிறார்கள். அங்கே காலை 9 மணிக் கூட்டம் குளிர்காலத்தில் நமக்கு இரவு 7.30, மார்ச்சுக்குப் பிறகு மாலை 6.30. ஐரோப்பாவில் அந்த மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறன்று. ஆக நடுவில் சில வாரங்கள் லண்டனும் நியூயார்க்கும் தங்களுக்குள்ளேயே வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் நெருங்கி நிற்கும். நாமோ கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் அவர்கள் கடிகாரத்தைத் தொடும்போதெல்லாம் நம் மாலைப் பொழுதுதான் இடம்மாறுகிறது. சென்னையில் எத்தனையோ அலுவலகங்களில் யாராவது மார்ச்சில் ஒரு மணி நேரம் தாமதமாகவோ நவம்பரில் ஒரு மணி நேரம் முன்னதாகவோ வந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அம்மா மேலே எதுவும் சொல்லாமல் டைரியைத் திருப்பிக் காட்டினார். வியாழக்கிழமைக்கு நேரே 7.30-ஐ அழித்த தடத்தின் மேல் 6.30 என்று எழுதியிருந்தது. இளைஞர் அதை உற்றுப் பார்த்தார். "அப்ப மணிப் பிரச்சினை இல்ல" என்றார். ஒரு சந்தேகம் அங்கேயே முடிந்தது. அந்தப் பென்சில் எழுத்தை அவர் ஆதாரமாக எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

பிறகுதான் மவுஸைக் கேட்டார். அவுட்லுக்கை ஒதுக்கிவிட்டு பிரவுசரைத் திறந்து, அம்மாவையே பாஸ்வேர்டு போடச் சொல்லிவிட்டு முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிரவுசர் வழியாகத் திறந்த எம்.டி.யின் காலண்டரிலும் வியாழன் மாலை காலியாக இருந்தது.

பகிர்ந்த காலண்டர் கோளாறில் இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும். மேசைக் கணினியில் இருக்கும் அவுட்லுக், சர்வரில் இருப்பதன் நகல் ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டு அதைத்தான் காட்டுகிறது. நகல் பழசாகிப்போனால் கூட்டம் தெரியாது, மாறிய நேரம் வராது. பிரவுசர் நேரே சர்வரைப் பார்க்கிறது. பிரவுசரில் சரியாக இருந்து அவுட்லுக்கில் இல்லையென்றால் கோளாறு அந்தக் கணினியில். இரண்டிலும் இல்லையென்றால் கணினியை என்ன செய்தும் பயனில்லை. முந்தின நாள் ரிமோட்டில் வந்தவர் அவுட்லுக் புரொஃபைலை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறார். மொத்த அஞ்சலும் திரும்ப இறங்கி முடிய மதியம் வரை அம்மா காத்திருந்திருக்கிறார். இல்லாத ஒன்றின் நகலைப் புதிதாக எடுத்தால் அதிலும் அது இருக்காது. இருந்தும் இந்தத் துறையில் பாதிப் பேர் அங்கேதான் தொடங்குகிறார்கள். எங்கே கோளாறு என்று பிரித்துப் பார்க்கும் பத்து நிமிடத்தைச் செலவிட மனம் வருவதில்லை. அதன் விலையைக் கொடுப்பவர் மேசையில் உட்கார்ந்திருப்பவர்.

"சாரோட டெலீட்டட் ஐட்டம்ஸ்ல தேடினீங்களாக்கா?"

"தேடினேன். இல்ல. அதான் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நான்தான் ஒரேயடியா அழிச்சிட்டேனோன்னு."

"அங்கதான் இருக்கணும்னு இல்லக்கா. சாரோட காலண்டர்ல இருந்து வேற ஒருத்தர் அழிச்சா, அழிச்சவங்களோட டெலீட்டட் ஐட்டம்ஸுக்குப் போறதும் உண்டு. உங்களோடதுல பார்ப்போம்."

பார்த்தார்கள். அம்மாவின் நீக்கிய பட்டியலில் பழைய சுற்றறிக்கைகளும் கேன்டீன் மெனுவும்தான் இருந்தன. அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். அது துடைக்க வேண்டிய அளவுக்கு அழுக்காக இல்லை.

அந்த நேரம் பார்த்து இளைஞரின் ஃபோன் அடித்தது. நாலாவது மாடி. கான்ஃபரன்ஸ் ஹாலை வாராவாரம் டிசம்பர் வரை பதிவு செய்தால் ஹாலே மறுத்து மெயில் அனுப்புகிறதாம். "சார், ஹாலுக்கு 180 நாள்தான் கணக்கு. கடைசித் தேதி அதைத் தாண்டினா மொத்தத் தொடரையும் மறுத்துடும். செப்டம்பர் முதல் வாரத்தோட முடிச்சுப் போடுங்க, எடுத்துக்கும். நான் வந்து பாக்குறேன் சார்." சொல்லிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

அடுத்து சர்வர் குழுவில் இருக்கும் ஓர் அண்ணனைக் கூப்பிட்டார். எம்.டி.யின் பெட்டி, கூட்டத்தின் தலைப்பு, தேதி மூன்றையும் சொல்லி, காலண்டர் லாக் எடுத்துத் தரச் சொன்னார். எக்ஸ்சேஞ்ச் சர்வரில் காலண்டரில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தடம் இருக்கும். எப்போது உருவானது, எப்போது திருத்தினார்கள், எப்போது நீக்கினார்கள், யாருடைய கணக்கிலிருந்து, எந்தக் கருவி வழியாக என்பதெல்லாம் வரிசையாக இருக்கும். அதை எடுக்கும் உரிமை ஒரு சிலரிடம் மட்டுமே. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் அது அவர் மடிக்கணினிக்கு எக்ஸெல் கோப்பாக வந்தது. அதை அவர் அம்மாவின் பக்கம் திருப்பாமல் தன் பக்கமாக வைத்துத் திறந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து திரையின் ஓரம் தெரிந்தது. நெருக்கமான வரிகள். விரலை உதட்டில் வைத்து மெதுவாக உருட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்றார். ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு மேலே போய், ஒரு நெடுவரிசையின் தலைப்பில் வலது கிளிக் செய்து அதை மறைத்தார். பெயர்கள் இருந்த வரிசை அது.

அதன் பிறகுதான் மடிக்கணினியைத் திருப்பினார்.

"புதன்கிழமை ராத்திரி 8.47-க்கு நீக்கியிருக்குக்கா. மொத்தத் தொடரும். நீங்க எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?"

"ஆறு மணி. கார்டு தேச்ச டைம் பாத்துக்கோங்க."

"தேவையில்லைக்கா. இதுல உங்க கணக்கே இல்ல."

அம்மா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "சார்கிட்ட நீங்களே சொல்வீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். "சொல்றேன்க்கா. அதுக்கு முன்னாடி ஒருத்தர்கிட்ட பேசிட்டு வந்துடுறேன்" என்று இளைஞர் எழுந்து, மாடிப்படிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். கதவின் சிறு கண்ணாடி வழியாக அவர் ஃபோனில் பேசுவது தெரிந்தது. குனிந்து, இடது கையால் வாயை மறைத்தபடி பேசினார்.

தணிக்கையில் நான் பார்த்தவரை, லாக் கையில் கிடைத்ததும் பலருக்கு ஒரு வேகம் வந்துவிடும். பெயரை உரக்கப் படித்துவிடுவார்கள். அத்தோடு ஒரு மனிதர் அந்த மாடியில் வருடக்கணக்கில் 'மீட்டிங்கை அழிச்சவர்' ஆகிவிடுவார். லாக் நடந்ததை மட்டும்தான் சொல்லும். ஏன் நடந்தது என்பதை அந்த மனிதரிடம்தான் கேட்க வேண்டும். அதைத் தனியாகக் கேட்க வேண்டும் என்று யாரும் இந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்திருப்பார்களா தெரியாது. எந்த விதிமுறைப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை.

திரும்பி வந்தவர் நேரே எம்.டி. அறைக் கதவைத் தட்டினார். கதவு முழுதாகச் சாத்தவில்லை.

"சார், அக்கா அழிக்கல. மணி மாறினதும் காரணமில்ல. உங்க காலண்டர்ல எடிட்டர் பர்மிஷன் இருக்கிற இன்னொருத்தர் கணக்குல இருந்து போயிருக்கு. அவரு வேணும்னு பண்ணல சார். அவரும் அந்த கால்ல இருந்தவர். போன வாரம் அவரை வேற புராஜெக்ட்டுக்கு மாத்தியிருக்காங்க. அதனால தன்னோட காலண்டர்ல இருந்து அந்தத் தொடரை எடுத்துடலாம்னு பாத்திருக்காரு. உங்க காலண்டரையும் தன்னோடதையும் ஒண்ணுமேல ஒண்ணா வச்சுப் பாக்குறது அவர் வழக்கம். ரெண்டுலயும் ஒரே தலைப்பு, ஒரே நேரம். உங்களோடதை எடுத்துட்டாரு. அவரோடது இன்னும் அப்படியே இருக்கு சார், இப்ப அவரே பாத்துச் சொன்னாரு."

"அவங்களுக்கு மெயில் போயிருக்குமே?"

"பதில் அனுப்பாம நீக்கியிருக்காரு சார். அதனால கிளையன்ட் பக்கம் நீங்க ஏத்துக்கிட்டதாவே காட்டியிருக்கும். அதான் காத்துட்டு இருந்திருக்காங்க."

"யாரு அது?"

"ரிப்போர்ட்டை உங்களுக்கு மட்டும் மெயில்ல அனுப்புறேன் சார். அவரே உங்களை வந்து பாக்குறேன்னு சொன்னாரு."

நாற்காலி நகரும் சத்தம். எம்.டி. எழுந்து வெளியே வந்தார். உயரமான மனிதர், சட்டைக் கை மடித்து விட்டிருந்தார். அம்மாவின் மேசை முன் நின்று, "அன்னிக்கு உங்ககிட்ட அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா" என்றார். எதிரே நான் இருப்பதையும், ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு பேர் நிற்பதையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். அம்மா எழுந்து நின்று, "பரவால்ல சார்" என்றார்.

அந்தக் கூட்டத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவரும் வேலை இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், இன்னொருவர் காலண்டரிலிருந்து காப்பி எடுத்து ஒட்டிவிட்டால் போயிற்று என்றார். இளைஞர் தலையாட்டி மறுத்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு. வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள்கள் அழைப்புகளைப் பரிமாறிக்கொள்ள 1998-இல் வகுத்த ஐகேலண்டர் என்ற பொது வடிவத்திலேயே அது இருக்கிறது. அழைத்தவர் நேரத்தை மாற்றினாலும் ரத்து செய்தாலும், அந்த எண்ணைத் தேடித்தான் செய்தி போய்ச் சேரும். காப்பி எடுத்து ஒட்டியது பார்வைக்கு அதே கூட்டம்தான். ஆனால் அழைத்தவரோடு அதற்குத் தொடர்பு அறுந்துவிடும். அவர் நேரத்தை மாற்றினால் அது மட்டும் பழைய மணியிலேயே நிற்கும். "அவங்களையே சாருக்குத் திரும்ப அனுப்பச் சொல்லுங்கக்கா. வந்ததும் நீங்க ஒருத்தர் மட்டும் ஏத்துக்கோங்க. சார், நீங்க மொபைல்ல அதைத் தொடாதீங்க. ரெண்டு பேரும் ஒரே அழைப்பைத் தொட்டாத்தான் குழப்பம் வரும்." எம்.டி. பள்ளிக்கூடப் பையன் மாதிரித் தலையாட்டினார். அம்மா நியூஜெர்ஸிக்கு மெயில் அடிக்க ஆரம்பித்தார். அங்கே அப்போது நடுராத்திரி.

"சார், பர்மிஷன் லிஸ்டையும் ஒரு தடவை பாத்துடலாமா?" என்றார் இளைஞர்.

எம்.டி.யின் கணக்கிலிருந்தே அவர் காலண்டர் மேல் வலது கிளிக் செய்து, அனுமதிப் பக்கத்தைத் திறந்தார். எடிட்டர் என்ற உரிமையோடு ஒன்பது பெயர்கள். எடிட்டர் என்றால் படிக்கலாம், புதிதாகப் போடலாம், மாற்றலாம், அழிக்கலாம். எம்.டி. திரையைப் பார்த்துத் திகைத்துவிட்டார். "இத்தனை பேருக்கு நான் எப்ப கொடுத்தேன்?"

அவருக்கு நினைவில்லை. அம்மாவுக்கு இருந்தது. விரல் நுனியால் ஒவ்வொரு பெயராகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த மூன்று பேர் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது. ஆபீசுக்கு யாரும் வர முடியாமல், யார் வீட்டில் கரண்ட் இருக்கிறதோ அவர்கள் சாரின் கூட்டங்களைத் தள்ளிவைக்கட்டும் என்று கொடுத்தது. இந்த நாலு பேர் 2020 ஊரடங்கில்; எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது. இவர் ஹைதராபாத் கிளை திறந்தபோது, இப்போது ரிட்டயர்டு. கடைசிப் பெயர் அம்மாவுடையதே.

எத்தனையோ பட்டியல்கள் படித்திருந்தாலும், ஒரு உரிமைப் பட்டியலை இப்படி யாரும் எனக்குப் படித்துக் காட்டியதில்லை. கொடுத்த ஒவ்வொரு அனுமதிக்கும் பின்னால் ஒரு நெருக்கடி இருந்தது. நெருக்கடி முடிந்தது, அனுமதியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பெரும்பாலான அலுவலகங்களில் இதுதான் நிலைமை. என் அறிக்கைகளில் இதை 'தேவைக்கு மிஞ்சிய உரிமை' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த ஒரு வரிக்கும், ஒருவர் ஒரு வாரம் தலைகுனிந்து நடப்பதற்கும் இருக்கும் தொடர்பை அன்று நேரில் பார்த்தேன்.

ஒவ்வொருவராக முடிவு செய்தார்கள். ரிட்டயரானவரை நீக்கினார்கள். நாலு பேருக்குக் கூட்டத்தின் விவரம் தெரிந்தால் போதும். அவர்களை ரிவ்யூவர் ஆக்கினார்கள், இனிப் படிக்க மட்டும்தான் முடியும். மற்றவர்களுக்கு, நேரம் காலியா இல்லையா என்பது மட்டும் தெரியும்படி வைத்தார்கள். அழித்தவர் இவர்களில் யார் என்று யாரும் பிரித்துக் காட்டவில்லை. பட்டியலோடு பட்டியலாக அவர் உரிமையும் மாறியது.

கடைசியில் அம்மாவின் பெயர். டெலிகேட் அமைப்பைத் திறந்ததும் கீழே ஒரு சிறு கட்டம், டிக் செய்யாமல் இருந்தது. "பிரைவேட்னு நீங்க போடுற ஐட்டங்களையும் அக்கா பாக்கலாம்னா இதை டிக் பண்ணணும் சார். இப்ப அவங்களுக்கு நேரம் மட்டும்தான் தெரியும், விஷயம் தெரியாது."

எம்.டி. உடனே சொன்னார். "டிக் பண்ணிடுங்க. இவங்களுக்குத் தெரியாம என்ன இருக்கு?"

"வேண்டாம் சார்" என்றார் அம்மா. "உங்க டாக்டர், வீட்டு விஷயம் இதெல்லாம் எனக்கு எதுக்கு? அந்த நேரம் நீங்க ஃப்ரீ இல்லன்னு தெரிஞ்சா போதும், நான் வேற யாருக்கும் கொடுக்காம பாத்துக்குவேன்."

எம்.டி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அப்படியே இருக்கட்டும்" என்று உள்ளே போனார். இளைஞர் கட்டத்தைக் காலியாகவே விட்டு, ஓகே அழுத்தினார்.

டிக்கெட்டை மூட வேண்டும். மடிக்கணினியில் காரணம் கேட்கும் இடத்தில் ஒரு பட்டியல் விழுந்தது. முதலில் இருந்தது 'பயனர் பிழை'. அநேகமாக எல்லாக் காலண்டர் புகாரும் அதன் கீழேதான் மூடப்படும்; ஒரு கிளிக்கில் முடிந்துவிடும். அவர் அதைத் தாண்டிக் கீழே போய் 'அனுமதி அமைப்பு' என்பதைத் தேர்ந்தெடுத்து, விவரத்தில் இரண்டு வரி தட்டினார். "எழுதியிருக்கேன், சரியான்னு பாருங்கக்கா" என்று அம்மாவிடம் திருப்பிக் காட்டினார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்துவிட்டு, "புதன்கிழமை தேதியையும் போட்டுடுங்க தம்பி" என்றார். அவர் தேதியைச் சேர்த்து, டிக்கெட்டை மூடிவிட்டு, ஹால் விவகாரத்தைப் பார்க்க நாலாவது மாடிக்குக் கிளம்பினார்.